இரண்டு நிலவும் ஓர் அமாவாசையும்



பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது நான் ஒரு கதை எழுதினேன். கடலோரத்தில் ஓர் இராச்சியம். அங்கே பேசும் பனைகள், பாடும் சங்குகள், வானத்தில் இரண்டு நிலவுகள். கொப்பி ஒன்று நிறைய எழுதி எங்கள் தமிழ் வாத்தியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மயிலிட்டிப் பக்கத்தில் கடற்றொழில் செய்த குடும்பமொன்றிலே பிறந்தவர். ஒரு கிழமை கழித்துக் கொப்பி திரும்பி வந்தது. எழுத்துப்பிழைகளுக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். வேறு குறிப்பு ஒன்றுமில்லை. "கதை எப்படி ஐயா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"தம்பி, பனை பேசட்டும். அதில எனக்கு ஒரு வில்லங்கமும் இல்லை. ஆனா ரெண்டு நிலவு எண்டு எழுதிப்போட்டாய். அப்ப உன்ர ஊரில அமாவாசை எப்ப வரும்? தொழிலுக்குப் போறவன் எந்த நிலவைப் பாத்து வள்ளம் இறக்குவான்? வத்துப் பெருக்கு எப்பிடி?"

"கற்பனைக் கதைதானே ஐயா" என்றேன்.

"அதுதான் கேக்கிறன். உண்மையான ஊரெண்டா நான் போய்ப் பாப்பன். இது உன்ர தலைக்குள்ள மட்டும் கிடக்கிற ஊர். உன்னைத்தானே கேக்கவேணும்?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. கதையை அத்தோடு மூடி வைத்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இல்லாத உலகமொன்றைப் படைப்பவன், அங்கே சூரியன் எவ்வாறு உதிக்கிறது, கடல் எவ்வாறு பெருகுகிறது, எறிந்த கல் எவ்வாறு விழுகிறது என்பவற்றுக்கெல்லாம் கணக்குக் காட்டத்தான் வேண்டுமா? காட்டினால் கதைக்கு என்ன இலாபம்? இந்தக் கேள்வியோடு வாழ்ந்த எழுத்தாளர் சிலரின் வரலாற்றை இன்று நோக்குவோம்.

முதலில் 1944ஆம் ஆண்டுக்கு வாருங்கள். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலத்துக்குப் பேராசிரியராயிருந்தவர் ஜே. ஆர். ஆர். டொல்கீன். 1937இல் 'த ஹொபிற்' என்ற சிறுவர் நாவலால் பெயர் பெற்றவர். அதன் தொடர்ச்சியாக 'த லோர்ட் ஒவ் த றிங்ஸ்' என்னும் பெருங்கதையை அப்போது எழுதிக்கொண்டிருந்தார். விமானப்படைப் பயிற்சிக்காகத் தென்னாபிரிக்காவுக்குச் சென்றிருந்த தம் மகன் கிறிஸ்தோபருக்கு, கதை எழுதுப்படும் போக்கைக் கடிதங்களில் அவ்வப்போது தெரிவித்து வந்தார். அவ்வாண்டு ஏப்ரல் மாதக் கடிதமொன்றில் தமக்கு அவசரமாகத் தெரியவேண்டிய சங்கதிகள் இரண்டென்று எழுதுகிறார். முழுநிலவை அண்மித்த நாள்களில் சந்திரன் ஒவ்வோர் இரவும் எவ்வளவு பிந்தி உதிக்கும் என்பது ஒன்று. முயலிறைச்சியை எப்படி அவித்துச் சமைப்பது என்பது மற்றையது.

மே மாதக் கடிதத்தில் நிலைமை இன்னும் மோசம். அவருடைய கதைமாந்தர் பல குழுக்களாகப் பிரிந்து வெவ்வேறு திசைகளிலே நடந்துகொண்டிருக்கின்றனர். எல்லாரும் அண்ணாந்து பார்ப்பது ஒரே சந்திரனைத்தான். ஆனால் அவர் எழுதியிருந்தபடி பார்த்தால், ஓரிடத்தில் சந்திரன் உதிக்கும் அதே வேளையில் இன்னோரிடத்தில் அது மறைந்துகொண்டிருந்தது. முந்திய அத்தியாயங்களின் பகுதிகளைத் திருத்தி எழுதுவதிலேயே ஒரு பிற்பகல் முழுவதும் போய்விட்டதென்று மகனிடம் முறையிடுகிறார்.

இந்தக் கதையில் மரங்கள் நடக்கின்றன, பேசுகின்றன. மோதிரமொன்று அதை அணிந்தவனை மறைத்துவிடுகிறது. இவற்றுக்கெல்லாம் டொல்கீன் கணக்குக் காட்டவில்லை. சந்திரனுக்கு மட்டும் காட்டுகிறார். எங்கள் வாத்தியாரின் கட்சியும் அதுவேதான்: பனை பேசட்டும், ஆனால் அமாவாசை எப்போது?

இவ்வழக்கம் டொல்கீனோடு தொடங்கியதன்று. அதன் வேரைத் தேடினால் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கி, ஜேர்மனிய வானியலாளர் ஜொஹானஸ் கெப்ளரிடம் போகவேண்டியிருக்கிறது. கோள்கள் சூரியனை நீள்வட்டப் பாதையில் சுற்றுகின்றன என்று கண்டவர் அவர். 1593இல், டியூபிங்கன் பல்கலைக்கழக மாணவராயிருந்தபோது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. பூமி சுழல்கிறதென்றால் எவரும் நம்புவதில்லை. காலுக்குக் கீழே நிலம் அசையாமல் இருக்கிறதே என்கின்றனர். அப்படியானால் பார்ப்பவனைப் பூமியிலிருந்து கிளப்பிச் சந்திரனிலே கொண்டுபோய் நிறுத்தினால் என்ன?

அந்த யோசனை பின்னர் 'சொம்னியம்' என்ற இலத்தீன் நூலாயிற்று. 'கனவு' என்பது அதன் பொருள். ஐஸ்லாந்துத் தீவில் மூலிகை விற்றுப் பிழைக்கும் மந்திரக்காரி ஒருத்தி தன் மகனுக்காக ஓர் ஆவியை அழைக்கிறாள். அந்த ஆவி சந்திர உலகத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறது. மந்திரம் அவ்வளவோடு சரி. அதன் பிறகு வருவதெல்லாம் வானியல். சந்திரன் எப்போதும் ஒரே முகத்தையே நமக்குக் காட்டுகிறதல்லவா? ஆகவே அந்த உலகம் இரு பாதிகளாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு பாதியில் வாழ்பவர்களுக்கு நமது பூமி வானத்தில் ஒரே இடத்தில், ஆணியடித்தாற்போல் தொங்குகிறது. விட்டத்தில் நம் சந்திரனைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு. அது வளர்ந்து தேய்கிறது. அதேவேளை நின்ற இடத்திலேயே சுழல்கிறது. அதன் மறுக்கள் வருவதையும் போவதையும் பார்த்து அவர்கள் நேரம் அறிகின்றனர். மற்றப் பாதியில் வாழ்பவர்கள் பூமியை ஒருபோதும் கண்டதில்லை. அங்கே பகல் நம் கணக்கில் ஏறக்குறையப் பதினான்கு நாள், இரவும் அவ்வளவு. எரிக்கும் வெயிலுக்கும் உறையும் குளிருக்கும் இடையில் உயிரினங்கள் குகைகளிலே ஒளிகின்றன, அல்லது ஒதுங்கும் தண்ணீரைத் தொடர்ந்து ஓடுகின்றன. விரைவாக வளர்ந்து விரைவாக மடிகின்றன.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள் நேயர்களே. அந்த உயிரினங்களின் வடிவத்தைக் கெப்ளர் தம் விருப்பப்படி அமைக்கவில்லை. பகலின் நீளம் வெப்பத்தைத் தீர்மானிக்கிறது. வெப்பம் உடலையும் வாழ்க்கையையும் தீர்மானிக்கிறது. இன்னொன்று, அந்தச் சந்திரவாசிகள் தங்கள் உலகம் அசையாதிருப்பதாகவும், வானத்திலே தொங்கும் பூமிதான் சுழல்வதாகவும் நம்புகின்றனர். வாசகன் அவர்களைப் பார்த்துச் சிரிக்கிறான். சிரித்து முடிக்குமுன் தானும் அவ்வாறே நம்பிக்கொண்டிருப்பது அவனுக்கு உறைக்கிறது. கற்பனை உலகின் பௌதிக அமைப்பு அங்கே ஒரு வாதமாகவே நிற்கிறது.

அதற்குக் கெப்ளர் கொடுத்த விலை சிறிதன்று. நூலின் கையெழுத்துப் பிரதி அச்சேறுமுன்பே கைமாறிப் பலரிடம் சென்றது. கதையிலே மந்திரக்காரித் தாய் ஒருத்தி இருக்கிறாள். கெப்ளரின் சொந்தத் தாய் கத்தரீனாவும் மூலிகை மருத்துவம் தெரிந்தவர். 1615இல் அவர்மீது சூனியக்காரி என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 1620இல் அவரைக் கைதுசெய்தனர். வயது எழுபதைக் கடந்த அந்தத் தாய் பதினான்கு மாதம் சிறையில் இருந்தார். மகனே முன்னின்று வழக்காடி 1621இல் விடுவித்தார். அடுத்த ஆண்டு அவர் இறந்துபோனார். தாயைப் பற்றிய வதந்திக்குத் தம்முடைய கதையும் காரணமாயிற்றோ என்ற ஐயம் கெப்ளரை வருத்தியது. அதன்பின் அந்தச் சிறு நூலுக்கு 223 குறிப்புகள் எழுதினார். குறிப்புகள் கதையைவிடப் பன்மடங்கு நீளமானவை. எது கணிதம், எது வேடிக்கை, எது உருவகம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுகின்றன. 1630இல் அவரும் காலமானார். நூலை 1634இல் வெளியிட்டவர் அவருடைய மகன்.

கெப்ளரின் வாரிசென்று நான் கருதுபவர் அமெரிக்காவிலே மசசூசெற்ஸ் மாநிலப் பள்ளியொன்றில் விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர். ஹாரி கிளெமென்ற் ஸ்ரப்ஸ் என்பது இயற்பெயர். ஹால் கிளெமென்ற் என்ற பெயரில் எழுதினார். 1953இல் 'அஸ்ரவுண்டிங்' சஞ்சிகையில் அவருடைய 'மிஷன் ஒவ் கிரவிற்றி' நாவல் தொடராக வந்தது. தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அந்த உலகத்தை எவ்வாறு கணக்கிட்டு அமைத்தார் என்பதைத் தனிக் கட்டுரையாக அதே சஞ்சிகையில் எழுதினார். சமையற்காரன் பந்தி நடக்கும்போதே அடுப்படிக் கதவைத் திறந்து காட்டியதுபோல!

மெஸ்க்லின் என்பது அவர் படைத்த கோள். வியாழனைவிடப் பதினாறு மடங்கு நிறை. அவ்வளவு நிறையுள்ள கோளின் ஈர்ப்பு எவரையும் நசுக்கிவிடும். ஆனால் கிளெமென்ற் அதைப் பம்பரம்போலச் சுழலவிட்டார். அங்கே ஒரு நாள் என்பது ஏறக்குறையப் பதினெட்டு நிமிடம். அந்த வேகத்தில் கோள் துருவங்களில் தட்டையாகி நடுவிலே பிதுங்கிவிடுகிறது. நடுக்கோட்டில் சுழற்சியின் வீச்சு ஈர்ப்பைப் பெரிதும் தணித்துவிடுகிறது. ஆகவே நடுக்கோட்டில் நிற்பவனுக்கு எடை பூமியிலுள்ளதைப்போல மூன்று மடங்கு மாத்திரமே. துருவத்துக்குப் போகப்போக அது ஏறி, நாவலின் கணக்கில் எழுநூறு மடங்கை எட்டுகிறது. கடல் தண்ணீரன்று, மெதேன். காற்று ஐதரசன்.

இதில் வாழ்பவர்கள் மட்டத்தேள்போன்று பல கால் கொண்ட, முழத்துக்கும் குறைந்த நீளமுள்ள உயிரினங்கள். அவர்களுள் ஒருவன் பார்லெனன், கப்பல் தலைவன். துருவப் பகுதியிலே பிறந்தவனாதலால், சில அங்குல உயரத்திலிருந்து விழுந்தாலும் மரணம் என்பது அவன் இரத்தத்தில் ஊறியிருக்கிறது. எறிதல் என்றால் என்னவென்று அவன் இனத்துக்குத் தெரியாது. கையைவிட்டகன்ற பொருள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் நிலத்தில் இருக்கும். தலைக்குமேல் கூரை போன்ற எதுவும் இருப்பது அவர்களுக்குத் தாங்கமுடியாத திகில். தங்கள் உலகம் ஒரு கிண்ணம்போலக் குழிந்ததென்று நம்புகின்றனர். அடிவானம் அவர்கள் கண்ணுக்கு மேலெழுந்து தெரிகிறது. அவர்களுடைய தேசப்படமே கிண்ண வடிவம்.

அச்சம், நம்பிக்கை, தேசப்படம் எல்லாம் அந்த ஒரே சுழற்சியிலிருந்து முளைத்தவை. கதையின் முடிவும் அதிலிருந்தே வருகிறது. துருவத்தில் சிக்கிய ஆய்வுக்கலத்தின் தகவல்களை மீட்டுத் தரும்படி மனிதர்கள் பார்லெனனை அமர்த்தியிருக்கின்றனர். வேலை முடியும் தறுவாயில் அவன் பேரம் பேசுகிறான். அவன் கேட்பது பண்டங்களையன்று, விஞ்ஞானத்தை. தன் உலகம் ஏன் இப்படி இருக்கிறதென்று கற்றுத்தந்தாலொழியத் தகவல் இல்லை என்று கூறிவிடுகிறான். ஓர் ஆசிரியரின் பேனாவிலிருந்து வந்த முடிவு என்பதை எவரும் இலகுவில் உணரலாம்.

கிளெமென்ற் இதை ஒரு விளையாட்டாகவே கருதினார். எழுத்தாளன் இலக்கங்களைக் கொடுப்பான், வாசகன் பிழை பிடிப்பான். பிழையும் பிடித்தார்கள். பின்னாளில் எம். ஐ. ரி. மாணவர்கள் கணினி கொண்டு கணக்கிட்டபோது, துருவத்தின் ஈர்ப்பு அவர் சொன்னதிலும் வெகுவாகக் குறைவென்று தெரிந்தது. அவர் அதை ஏற்றுக்கொண்டார். இன்னொன்றும் நடந்தது. 61 சிக்னி என்ற விண்மீனுக்குப் பெரியதொரு துணைக்கோள் இருப்பதாக 1940களின் தொடக்கத்தில் வானியலாளர் ஒருவர் அறிவித்திருந்தார். அதையே கிளெமென்ற் மெஸ்க்லினுக்கு மூலமாக எடுத்துக்கொண்டார். அப்படியொரு கோள் அங்கில்லை என்பது பின்னாளைய அவதானங்களில் தெளிவாயிற்று. கோள் பொய்த்தது, நாவல் பொய்க்கவில்லை. இன்றும் அது அச்சில் இருக்கிறது.

பிழை பிடிக்கப்பட்டதில் மிகப் பெரிய கதை லாரி நிவெனுடையது. 1970இல் வந்தது அவருடைய 'ரிங்வேர்ள்ட்'. ஒரு சூரியனை நடுவே வைத்து, அதைச் சுற்றிப் பூமியின் பாதை அளவில் பிரமாண்டமான வளையம். அதன் அகலம் ஏறக்குறையப் பத்து இலட்சம் மைல். வளையம் செக்கனுக்கு 770 மைல் வேகத்திற் சுழல்வதால், உட்பக்கத்தில் நிற்பவர்களுக்கு எடை உண்டாகிறது. காற்று வழிந்தோடாமல் விளிம்பிலே ஆயிரம் மைல் உயரச் சுவர்கள். நண்பகற் சூரியன் தலைக்குமேல் நிரந்தரமாய் நிற்குமே, இரவுக்கு என்ன வழி? சூரியனுக்கு அண்மையில் இருபது பெருந்தகடுகள் சுற்றி வந்து நிழல் விழுத்துகின்றன. பரப்பளவோ முப்பது இலட்சம் பூமிகள்.

எல்லாம் சரி. ஆனால் திண்மையான வளையமொன்று தன் நடுவிலுள்ள ஈர்ப்பு மையத்தைச் சுற்றி நிலைபெற்று நிற்கமுடியாதென்பதைச் சனியின் வளையங்களை ஆராய்ந்த லப்பிலாசும் மக்ஸ்வெல்லும் முந்திய நூற்றாண்டுகளிலேயே காட்டியிருந்தனர். சிறிது விலகினாலும் விலகல் கூடிக்கொண்டே போய் வளையம் சூரியனில் மோதும். 1971இல் பொஸ்ரனில் நடந்த விஞ்ஞானப் புனைகதை மாநாட்டில், எம். ஐ. ரி. மாணவர்கள் மண்டபத் தாழ்வாரங்களிலே 'வளையம் நிலைக்காது' என்று கோஷமிட்டார்களாம். நிவென் இதை மகிழ்ச்சியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். அவருடைய பதில் 1980இல் இன்னொரு நாவலாக வந்தது. வளையத்தை நிலைநிறுத்த விளிம்பிலே இயந்திரங்கள் இருந்தனவாம். அங்கு வாழ்ந்தவர்களே அவற்றைக் கழற்றித் தங்கள் விண்கலங்களுக்குப் பூட்டிவிட்டார்களாம். இப்போது உலகம் சரிந்துகொண்டிருக்கிறது! வாசகர் கண்ட பிழை ஒரு நாகரிகத்தின் பேராசைக் கதையாக மாறிவிட்டது.

இதுவரை சொன்னவற்றைக் கேட்டால், கணக்குப் பார்த்தால் கதை செழிக்கும் என்று நீங்கள் முடிவுகட்டக்கூடும். நானும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தைக் குலைத்தவர் டொல்கீன். ஆகவே அந்த முயற்கறிக்காரரிடம் திரும்புவோம்.

டொல்கீன் தேசப்படத்தை முதலில் வரைந்துவிட்டே கதையை அதற்கு இசைய எழுதினார். இதை அவரே கூறியிருக்கிறார். இத்தனை நாளில் இத்தனை மைல் என்று நடையை அளந்தார். எந்தத் திகதியில் எவர் எங்கே நின்றார் என்பதற்கு அட்டவணைகள் தயாரித்தார். சந்திரனின் வளர்ச்சி தேய்வுகளை 1940களின் தொடக்க ஆண்டுகளில் உண்மையாய் நிகழ்ந்தவற்றிலிருந்து எடுத்துக்கொண்டார். முப்பது நாள் கொண்ட பன்னிரண்டு மாதமும் ஐந்து தனி நாள்களுமாக ஒரு பஞ்சாங்கமே வகுத்தார். 1954, 1955ஆம் ஆண்டுகளில் அந்நூல் வெளிவந்தபோது, அவ்வுலகம் எழுதப்படுமுன்பே அங்கே இருந்ததுபோன்ற உணர்வை வாசகருக்குத் தந்தது.

ஆனால் அந்தக் கதைக்கு அடியிலே இன்னொரு பழங்கதை இருந்தது. இளமைக்காலம் முதல் அவர் நெய்துவந்த தொன்மம் அது. அதன்படி ஆதியில் உலகம் தட்டையானது. சூரியனும் சந்திரனும் இருக்கவில்லை. ஒளி தரும் இரு மரங்கள் இருந்தன. தீயவன் அவற்றைக் கொன்றான். சாகும் தறுவாயில் ஒரு மரம் கடைசியாக ஒரு பூவைத் தந்தது, அது சந்திரனாயிற்று. மற்றது கடைசியாக ஒரு கனியைத் தந்தது, அது சூரியனாயிற்று. வெகுகாலத்தின் பின், மனிதர்களின் கர்வத்தால் பேரழிவொன்று நிகழ்ந்தபோதுதான் உலகம் உருண்டையாக்கப்பட்டது.

பெருங்கதை அச்சேறிய பின்னர், 1950களின் பிற்பகுதியில், டொல்கீனுக்கு இந்தத் தொன்மமே முள்ளாய்க் குத்தத் தொடங்கியது. அவர் படைத்த எல்வ்ஸ் என்ற அமரர்கள் தெய்வங்களிடம் நேரே கல்வி கற்றவர்கள். அவர்கள் உலகம் தட்டையென்று எப்படி நம்புவர்? பூமி உருண்டையென்று அறிந்த வாசகனிடம், சூரியன் ஒரு பழமென்று எப்படிச் சொல்வது? ஆதியிலிருந்தே உருண்டை உலகம், ஆதியிலிருந்தே சூரியன் என்று திருத்திப் பார்த்தார். தட்டையுலகக் கதையை மனிதர் வாய்வழி வந்த திரிபென்று ஒதுக்கிப் பார்த்தார். ஆனால் சூரியன் முன்பே இருந்ததென்றால் அந்த மரங்களின் ஒளிக்கு என்ன மதிப்பு? ஒளி போனபோது உலகம் அழுத அழுகைக்கு என்ன பொருள்? ஒரு கல்லை உருவினால் கோபுரமே ஆடியது.

அதே காலத்தில், 1960இல், 'த ஹொபிற்' நாவலையும் புதிய கணக்குகளுக்கு ஏற்ப மாற்றி எழுதத் தொடங்கினார். தூரம் பொருந்தவேண்டும், சந்திரன் பொருந்தவேண்டும். சில அத்தியாயங்கள் எழுதி ஒரு சிநேகிதியிடம் காட்டினார். நன்றாயிருக்கிறது, ஆனால் இது அந்தப் பழைய கதையன்று என்று அவர் சொன்னாராம். டொல்கீன் அதை அப்படியே நிறுத்திவிட்டார். தொன்மத்தை மட்டும் அவரால் திருத்தவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. 1973இல் அவர் மறைந்தபோது அது முற்றுப்பெறாமலே கிடந்தது. அன்று தென்னாபிரிக்காவிலிருந்து சந்திரன் பற்றிய கடிதங்களைப் படித்த அதே மகன் கிறிஸ்தோபர், 1977இல் 'த சில்மரில்லியன்' என்ற பெயரில் அதைப் பதிப்பித்தார். தட்டையுலகத்தையும், சூரியக் கனியையும், சந்திரப் பூவையும் அதிலே அப்படியே விட்டார். தந்தையார் செய்த திருத்தக் குறிப்புகளை 1993இல் வேறொரு தொகுதியில் தனியே வெளியிட்டார். இரண்டையும் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மகன் செய்தது சரி.

ஏன் சரி? முயல்கறி அவியும் நாள்களிலே சந்திரன் பிழைத்தால் கதைமாந்தரின் நடை பொய்யாகிவிடும். அந்தச் சந்திரனைக் கதைமாந்தர் கண்ணால் காண்கின்றனர், அதன் ஒளியில் வழி தேடுகின்றனர். ஆனால் சூரியன் ஒரு மரத்தின் கடைசிக் கனி என்பது அந்த உலகத்தின் பிறப்பிலேயே சொல்லப்பட்ட முதற் புனைவு. அதன்மீதுதான் மற்றவையெல்லாம் எழும்பி நிற்கின்றன. முதற் புனைவு வாசகனிடம் கேட்டுப் பெற்ற சலுகை. அதன் பின் வருபவைக்கே கணக்கு. டொல்கீன் முதுமையில் அந்தச் சலுகைக்கும் கணக்குக் காட்ட முனைந்தார். அதுவே அவருக்கு வினையாயிற்று.

இதற்கு நேரெதிராக, சலுகையைச் சிரித்துக்கொண்டே பெற்றவர் டெறி பிராச்செற். 1983இல் தொடங்கிய அவருடைய கதைவரிசையில் உலகம் ஒரு தட்டு. அதை நான்கு யானைகள் சுமக்கின்றன. யானைகளை ஓர் ஆமை சுமந்து விண்வெளியில் நீந்துகிறது. ஆதிகூர்மமும் திக்குயானைகளும் நமக்குப் புராணத்தில் பழக்கமானவையே. ஆனால் ஒப்புக்கொண்ட பின் பிராச்செற்றும் கணக்குக் காட்டுகிறார். சிறிய சூரியன் தட்டைச் சுற்றி வரும்போது யானை காலைத் தூக்கி வழிவிடவேண்டியிருக்கிறது. வடக்குத் தெற்கு இல்லாத தட்டில் திசைகளுக்கு நடுப்பக்கம், விளிம்புப் பக்கம், சுழற்சிப் பக்கம், எதிர்ப்பக்கம் என்று பெயர்கள்.

நம் நாட்டோடு நேரடித் தொடர்புள்ள ஓர் உதாரணமும் உண்டு. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து 2008இல் கொழும்பில் மறைந்த ஆர்தர் சி. கிளார்க், 1979இல் 'த பவுண்டன்ஸ் ஒவ் பரடைஸ்' என்ற நாவலை வெளியிட்டார். பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு கம்பிப் பாதை, அதிலே ஏறி இறங்கும் வண்டிகள். பூமியோடு ஒத்துச் சுழன்று ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தோன்றும் செய்மதி, மத்திய கோட்டுக்கு நேர்மேலே ஏறக்குறைய 36,000 கிலோ மீற்றர் உயரத்தில்தான் இருக்கமுடியும். அதிலிருந்து இறங்கும் கம்பிக்கு மத்திய கோட்டில் ஒரு மலை வேண்டும். கிளார்க்குக்குப் பிடித்த மலையோ நமது சிவனொளிபாதமலை. அது மத்திய கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய ஏழு பாகையில் இருக்கிறது. என்ன செய்தார்? தீவையே 800 கிலோ மீற்றர் தெற்கே நகர்த்தினார். மலையின் உயரத்தை இரட்டித்தார். சிகிரியாவுக்கு அண்மையிலும் அதைக் கொண்டுவந்தார். தீவின் பெயரைத் தப்ரபேன் என்று வைத்தார். இவற்றையெல்லாம் நூலின் பின்னுரையிலே ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அந்த மாற்றங்களைச் செய்த பின் நாவல் முழுவதும் ஒரு கம்பியின் பளுவைக்கூட அவர் ஏய்க்கவில்லை.

எங்கள் வாத்தியார் இன்றில்லை. அந்தக் கொப்பியும் இல்லை. 1990இல் அந்தக் கரையோர ஊர்கள் இடம்பெயர்ந்தபோது வீட்டோடு அதுவும் போயிற்று. இந்த உரைக்காகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஓர் இரவில், பழைய கேள்விக்கு விடை எழுதிப் பார்ப்போமே என்று தாளை எடுத்தேன். ஒரு நிலவு முப்பது நாளுக்கு ஒருமுறை மறைகிறதென்று வைத்தேன். மற்றது இருபது நாளுக்கு ஒருமுறை. இரண்டும் ஒரே இரவில் மறைந்தால், மறுபடி அவ்வாறு மறைவது அறுபதாம் நாள். இடைப்பட்ட அமாவாசைகளில் ஏதாவதொரு நிலவு வானத்தில் மிச்சமிருக்கும். அறுபது நாளுக்கு ஒருமுறைதான் முழு இருட்டு.

அந்த ஊரிலே பிறந்த குழந்தைக்கு இருட்டு என்பது அபூர்வமான ஒரு நாள். இருட்டில்தான் வலைக்கு மீன் நன்றாய்ப் படும் என்பது எங்கள் கரைகளில் எல்லாருக்கும் தெரியும். ஆகவே ஊரே அந்த ஓர் இரவுக்காகக் காத்திருக்கும். ஆனால் இரு நிலவும் சூரியனோடு ஒரே வரிசையில் நின்று இழுப்பதும் அதே இரவில்தான். கடல் ஆகக் கூடுதலாய்ப் பெருகுவதும் அப்போதே. மீனும் அன்றைக்கு, ஆபத்தும் அன்றைக்கு. வள்ளம் இறக்குவதா, விடுவதா?

பத்தாம் வகுப்பில் நாற்பது பக்கம் எழுதியும் எனக்குக் கிடைக்காத கதை அது. வாத்தியார் கேட்ட கேள்விக்குள்ளேயே கிடந்திருக்கிறது. பனைகள் பேசுவதை நான் மாற்றப்போவதில்லை. அதற்கு அவர் அன்றைக்கே அனுமதி தந்துவிட்டார்.